பீரோ முன் ஆஜராக வேண்டும்

சித்தப்பாவுக்கு வந்த நோட்டீஸில், "வருகிற பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்குத் தாங்கள் பீரோ முன் ஆஜராக வேண்டும்" என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எந்த பீரோ முன்னாடி? கண்ணாடி வச்சதா, வைக்காததா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடமாக இரும்பு பீரோ செய்கிறவர். பட்டறையில் அப்போது ஆறு பீரோக்கள் நின்றன. அவற்றில் எதன் முன்னால் வேண்டுமானாலும் பத்தரை மணிக்கு நிற்க அவருக்கு ஆட்சேபனை இல்லை. தினமும் அங்கேதான் நிற்கிறார்.

"பீரோன்னா ஆபீஸ் சித்தப்பா" என்றேன்.

"ஆபீஸ்னா ஆபீஸ்னு எழுத வேண்டியதுதானே? உள்ள இருக்கிற சாமான் பேரையா ஆபீஸுக்கு வைப்பாங்க? நாளைக்கு ஃபேன் முன்னாடி ஆஜராகுன்னு அனுப்புவாங்களா?"

சித்தி அடுப்படியிலிருந்து, "அவ ஆறு வருஷம் ஊர் சுத்திட்டு வந்திருக்கா. அவளுக்குத் தெரியாத ஆபீஸா? முழுசாப் படிக்கச் சொல்லுங்க" என்றாள். ஊர் சுற்றியதால் எனக்கு வந்த ஒரே மரியாதை, வீட்டுக்கு வரும் கெட்ட செய்திகளைப் படித்துக்காட்டும் வேலை.

படித்தேன். நோட்டீஸை அனுப்பியது பெயர்ப் பதிவு பீரோ. கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பெயர் பதிந்து உரிமம் கொடுக்கிற இடம். தங்கள் பட்டறையின் பலகையில் 'சென்ட்ரல் பீரோ' என்று எழுதப்பட்டிருப்பதால் பொதுமக்கள் அதை ஓர் அரசு அலுவலகம் என்று எண்ணி மனு கொடுத்து வருகிறார்கள். அந்த மனுக்களைத் தாங்கள் பெற்றும் வருகிறீர்கள். 'பீரோ' என்ற சொல்லைப் பீரோ மட்டுமே பயன்படுத்தலாம். தங்கள் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லவும்.

உரிமம் போனால் பட்டறை போகும். சித்தப்பா நோட்டீஸை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பீரோ செய்யறவன் பீரோன்னு சொல்லக் கூடாதுன்னா, நான் என்ன செய்யறேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"நிக்கிற பெட்டின்னு சொல்லுங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா பதினாறு வயதில் பள்ளியை விட்டார். பள்ளிதான் அவரை விட்டது என்பது சித்தியின் பாடம். தகர வேலை செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்து, வாளிக்கு அடிப்பாகம் வைப்பதில் தொடங்கி, டிரங்குப் பெட்டி, தபால் பெட்டி என்று படிப்படியாக உயர்ந்தார். உயர்ந்தார் என்பது அளவுக் கணக்கில். வாளியிலிருந்து ஆறரை அடி பீரோவுக்கு வந்து சேர ஆறு வருடம் ஆனது. அதற்கு மேல் உயரமாகச் செய்தால் வீட்டு வாசலில் நுழையாது என்பதால் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆளும் ஏறக்குறைய அவர் செய்கிற பொருள் மாதிரிதான். உயரம், தட்டையான முகம், வாய் லேசில் திறக்காது. ஆனால் கைகள் வேறு யாருடையவோ போல இருக்கும். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்துபோன கைகள். ஒரு முறை ஏதோ அடையாள அட்டைக்கு ரேகை எடுக்கப் போனபோது அந்த இயந்திரம் அவரை ஆள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு பூட்டில் இருந்தது. கைப்பிடியை ஒரு தடவை திருப்பினால் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு நாக்கு, மூன்றும் ஒரே நேரத்தில் சட்டத்துக்குள் போய் உட்காரும். இதற்கு சென்ட்ரல் லாக் என்று பெயர். எல்லாப் பட்டறையிலும் இது உண்டு. ஆனால் மற்ற பட்டறைகளில் அது திரும்பும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். சித்தப்பாவின் பூட்டு பேசாது. பீரோ வாங்க வருகிறவர்களைச் சுண்டுவிரலால் திருப்பிப் பார்க்கச் சொல்வார். திரும்பினால்தான் விற்பார். திரும்பாமல் போய் விற்காமல் நிறுத்தியதாக வரலாறு இல்லை.

முதலில் கடைப் பலகையில் தமிழில் மட்டும் 'சென்ட்ரல் லாக் பீரோ' என்று இருந்தது. பிறகு பலகைகளில் ஆங்கிலமும் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. போர்டு எழுதுகிற ஓவியர் காதில் விழுந்தபடி பி, இ, இ, ஆர், ஓ என்று ஐந்து எழுத்து எழுதிவிட்டுப் போனார். முதல் நாலு எழுத்திலேயே தாகம் எடுத்தவர்கள் ஐந்தாவது எழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு பிற்பகல் ஒருவர் தன் மைத்துனரோடு உள்ளே வந்து, பாதி செய்த லாக்கர்மேல் உட்கார்ந்து கேட்டாராம்.

"சில்லுன்னு இருக்கா?"

"தொடாதீங்க. இப்பதான் அடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா.

"யாரு அடிச்சிருக்கா?"

"நான்தான். காலைலேருந்து ரெண்டு தடவை அடிச்சாச்சு."

வந்தவர் மைத்துனரைப் பார்த்து, "கடைக்காரரே அடிக்கிறாருன்னா சரக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாராம். பெயின்ட்டைப் பற்றிய பேச்சு அது என்று இருவருக்கும் விளங்கக் கால் மணி நேரம் பிடித்தது.

எதிர் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் அகராதியைப் பார்த்துச் சரியான எழுத்துகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பி, யு, ஆர், இ, ஏ, யு. ஓவியர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு எழுத்து கூடுதுங்க. இடம் பத்தாது. 'லாக்'கைத் தூக்கிடவா?"

"தூக்கிடுங்க."

"தமிழ்லயும் தூக்கிடறேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல."

இப்படித்தான் சென்ட்ரல் பீரோ உருவானது. ஓவியரிடம் அப்போது ஏதோ அரசாங்கக் கட்டடத்துக்கு எழுதி மிச்சமான நீல வண்ணம் இருந்தது. அதையே பூசி வெள்ளையில் எழுதினார். பார்த்தால் யாருக்கும் கை தானாக மனுவைத் தேடும். தெருவில் எல்லோரும் சித்தப்பாவை 'சென்ட்ரல்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

முதல் மனுவைக் கொண்டுவந்தது பக்கத்துத் தெருத் தையல்காரம்மா. அந்தப் பேச்சைப் பட்டறை வெல்டர் எங்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"இது பீரோதானேங்க?"

"பீரோதான்மா. வாங்க."

"ஒரு மனு இருக்கு."

"அதுக்கு?"

"பீரோவுல குடுக்கச் சொன்னாங்க."

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "பீரோவுல வைக்கணுமா?"

"ஆமாங்க. பத்திரமா வைங்க. மூணு வருஷமா குடுத்துக் குடுத்துத் தொலைஞ்சு போகுது."

வந்தவளை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிதர். காட்சிக்கு நிறுத்தியிருந்த பீரோவின் நடுத்தட்டில் அந்தக் காகிதத்தை வைத்து, கைப்பிடியைத் திருப்பி, சாவி போட்டுப் பூட்டினார். தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்தில் அவள் மனுவை வாங்கி அவள் கண்ணெதிரே பூட்டி வைத்த முதல் ஆள் அவர்தான்.

அவளுடைய குறை இது. 'பெண்கள் தையலகம்' என்று அவள் பதிந்த பெயர், பதிவேட்டில் அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு 'பெண்கள் தையலகம் மற்றும் கோழித் தீவனம்' என்று ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தீவன ஆய்வாளர் வந்து கோழியைக் காட்டச் சொல்கிறார். இல்லை என்றால், எங்கே மறைத்து வைத்திருக்கிறாய் என்கிறார்.

பிறகு வரிசையாக வந்தார்கள். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, கதவு எண் குழப்பம். சித்தப்பா ஒவ்வொருவரிடமும், "இது பீரோ செய்யற இடங்க" என்று உண்மையைத்தான் சொன்னார்.

"தெரியும் சார். செய்யற இடம்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம். மத்த இடத்துல எதுவுமே செய்யறதில்ல" என்றார்கள்.

மனுக்கள் நடுத்தட்டில் சேர்ந்தன. சித்தப்பா அவற்றைப் படிக்கவில்லை, எங்கேயும் அனுப்பவில்லை, யாரிடமும் பேசவில்லை. பூட்டி மட்டும் வைத்தார். பெரிய அலுவலகங்களின் நடைமுறையும் அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு நாள் தெருவிளக்கு எரிந்தது. யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சென்ட்ரலில் மனு கொடுத்த ஒன்பதாம் நாள் எரிந்தது என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

நிஜமான பீரோவுக்கு விஷயம் போனது ஒரு புகழ்ச்சியால்தான். அங்கே யாரோ ஒருவர் எழுத்தரிடம், "சென்ட்ரல்ல பாருங்க, வாங்கினதும் பூட்டி வைக்கிறாங்க. நீங்க ஜன்னல் ஓரத்துல போடறீங்க, பறந்து போகுது" என்று சொல்லியிருக்கிறார். எழுத்தர், "எந்த சென்ட்ரல்?" என்று கேட்டிருக்கிறார். நோட்டீஸ் வந்தது.

பதினான்காம் தேதிக்கு முன்பு ஒரு நாள் பட்டறையில், பட்டி பூசிய கதவைத் தேய்த்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்.

"அந்த வார்த்தை யாருதுன்னு சொல்லேன். அவங்களுதா, நம்முளுதா?"

ரெண்டு பேருடையதும் இல்லை என்றேன். நான் போன நாடுகளில் பாஷை மாறினாலும் கதவுமேல் அந்தச் சொல் மாறவில்லை. ஜெர்மன்காரர்கள் ப்யூரோ என்று உதட்டைக் குவிப்பார்கள். போலந்தில் ப்யூரோ என்றால் அலுவலகம், ப்யூர்கோ என்றால், அதாவது குட்டி ப்யூரோ என்றால், எழுதுகிற மேசை. ஸ்வீடனில் அலுவலகத்துக்கும் இழுப்பறை வைத்த அலமாரிக்கும் ஒரே சொல். அங்கே நான் வேலை தேடிப்போய், வழி கேட்டபோது ஒரு கிழவர் கைகாட்டிய திசையில் நடந்து, பழைய மரச்சாமான் கடையில் போய் நின்றிருக்கிறேன்.

"பாத்தியா" என்றார் சித்தப்பா. ஸ்வீடன்காரர்கள்மேல் அவருக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

"எல்லாரும் பிரெஞ்சுக்காரங்ககிட்டருந்து எடுத்தது. அங்க ரொம்பப் பழைய காலத்துல பூரெல்னா முரட்டுக் கம்பளித் துணி. பழுப்பு நிறம். எழுதற மேசை மேல அதை விரிப்பாங்க. நாளாக ஆக, துணியோட பேரு மேசைக்கு வந்துடுச்சு. அப்புறம் மேசை இருக்கிற அறைக்கு. அப்புறம் அறையில இருக்கிற ஆளுங்களுக்கு. கடைசில அவங்க பண்ற அதிகாரத்துக்கே அதுதான் பேரு."

"துணி?"

"துணிதான். அதுக்கு முன்னாடி லத்தீன்ல செம்மறி ரோமம், சிவப்பு நிறம்னு என்னவோ சொல்றாங்க. அகராதி எழுதறவங்க அதுல இன்னும் சண்டை போடறாங்க. இங்கிலீஷ்காரங்க இழுப்பறை வச்ச மேசையை அந்தப் பேர்ல கூப்பிட்டாங்க. கடல் தாண்டி அமெரிக்கா போனதும் மேசை போயிடுச்சு, இழுப்பறை மட்டும் மிஞ்சுச்சு. நம்மகிட்ட வர்றப்ப அது நிமிந்து நின்னு கதவு வச்சிக்கிச்சு. எப்ப இரும்பாச்சுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் எனக்குக் கிடைக்கல."

"அது எனக்குத் தெரியும். கரையான் வந்ததும் ஆச்சு" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு, "அப்ப துணிக்குப் பொறந்தது மேசை. மேசைக்கு ரெண்டு பசங்க. ஒருத்தன் உத்தியோகத்துக்குப் போனான். ஒருத்தன் வீட்டோட இருந்துட்டான்" என்றார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற சித்தி, "வீட்டோட இருக்கிறவன்தானே துணியைக் காப்பாத்தறான்" என்றாள்.

பதினான்காம் தேதி போனோம். மூன்று மாடிக் கட்டடம். கீழே போட்டோ நகல் எடுக்கிற இடம், மேலே நீளமான நடை, நடை முழுக்கப் பெஞ்சு, பெஞ்சு முழுக்கச் சொந்தப் பெயர் தவறிப்போனவர்கள். பதினொன்றரைக்கு எழுத்தர் வெளியே வந்தார். மெலிந்த ஆள், காதில் பேனா. "உங்க ஃபைலை எடுக்க முடியல. இருபத்தெட்டு வாங்க" என்றார்.

இருபத்தெட்டாம் தேதியும் அதே பெஞ்சு, அதே பேனா. "ஃபைல் பீரோவுல இருக்கு. பீரோ திறக்கல. அடுத்த பன்னெண்டு வாங்க."

வீட்டில் சித்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அது திறக்காத வரைக்கும் நம்ம கடை திறந்திருக்கும். நீங்க பாட்டுக்குப் போய் உக்காந்துட்டு வாங்க. வாயைத் தொறந்து எதையும் சரி பண்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். சித்தப்பா தலையை ஆட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவர் சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்தார். வாயில் போட்டதை மெல்லாமல், "மேல் கம்பியா இருக்குமா?" என்பார். "சாமி, அது யாரு பெத்த பீரோவோ, உங்களுக்கென்ன" என்பாள் சித்தி.

பன்னிரண்டாம் தேதி எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். துணை இயக்குநர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைமேல் பச்சைக் கம்பளித் துணி, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் பழைய காலண்டர் தாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்ற சாம்பல் நிறப் பீரோவையும், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எழுத்தரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் இரண்டு கையாலும் கைப்பிடியை முறுக்கினார். பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தது. பீரோவிலிருந்தா எழுத்தரிடமிருந்தா என்று சொல்ல முடியவில்லை.

"விடுங்க. ரெண்டு மாசமாச்சு. கட்டர் வச்சு அறுக்கிற ஆளைக் கூப்பிடுங்க" என்றார் துணை இயக்குநர்.

சித்தப்பா எழுந்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். சட்டை நுனிதான் கையில் இருந்தது, ஆள் பீரோ பக்கத்தில் இருந்தார். கீழே குனிந்து கீலுக்கு உட்புறம் கட்டைவிரலால் தடவினார். மூன்று சிறு குழிகள். அவர் முடித்த ஒவ்வொரு பீரோவிலும் ஆணியால் தட்டி வைக்கிற அடையாளம். இரண்டு மாதமாக அவருடைய வழக்கைத் தன் வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவருடைய சொந்தச் சரக்குதான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் சித்தி சொன்னது நினைவிருந்தது. அவருக்கும் இருந்தது. அறுக்க விட்டால் எப்படியும் கோப்பு வெளியே வரும், ஆனால் இன்று வராது. இன்னொரு தேதி கிடைக்கும், பிறகு இன்னொன்று. பேசாமல் உட்கார்ந்தால் போதும்.

"மேடம், இது நான் செஞ்சது" என்றார். "இது திறக்காம இருக்காது. இதை யாரோ நகர்த்தியிருக்கீங்க."

"சுவத்துக்கு வெள்ளையடிச்சப்ப நகர்த்துனோம்" என்றார் எழுத்தர்.

"தரை வாட்டம். சட்டம் கோணிக்கிச்சு. கம்பி துளைக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது. அறுத்துப் பாக்கறதுக்கு இது என்ன வெங்காயமா?" சட்டைப் பையில் துழாவினார். நோட்டீஸ்தான் இருந்தது. ஏற்கெனவே நாலாக மடித்தது. இன்னொரு மடிப்பு மடித்து, தோளால் பீரோவை ஒரு நூல் அளவு தூக்கி, முன் இடது காலுக்கு அடியில் காலால் தள்ளினார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, "சுண்டுவிரலால திருப்புங்க" என்றார்.

எழுத்தர் தயங்கிச் சுண்டுவிரலை வைத்தார். பீரோ பேசாமல் திறந்தது.

திறந்த வேகத்தில் மேல்தட்டிலிருந்து காகிதங்கள் சரிந்தன. சித்தப்பாவின் கோப்பு விழுந்தது. அதோடு எங்களுக்கு மிகவும் பழக்கமான குறையோடு மூன்று மனுக்கள், மூன்று வருடத்துக்கு மூன்று. 'மற்றும் கோழித் தீவனம்' என்ற சொற்களுக்கு அடியில் சிவப்பு நூலால் தையல் போட்டிருந்தாள் தையல்காரம்மா. பேனாக் கோட்டைவிட அது கண்ணில் படும் என்று நினைத்திருக்கிறாள். பூட்டிய பீரோவுக்குள்ளும் கண் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள்.

"இதையும் பாத்துடுங்க மேடம்" என்று சித்தப்பா அவற்றைத் துணை இயக்குநர் கையில் கொடுத்தார். "அந்தம்மாகிட்ட கோழி இல்லீங்க. நான் நேர்ல பாத்திருக்கேன்."

துணை இயக்குநர் படித்தார். சிரிப்பை அடக்க மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதிவேட்டை வரவழைத்து, அதே இடத்தில் கோழித் தீவனத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பீரோவும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "உங்க விஷயம். 'பீரோ'ன்னு ஏன் போட்டீங்க? என்ன காரணம் சொல்றீங்க?" என்றார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அந்த மேசையையே பார்த்தார்.

"மேடம், கண்ணாடிக்கு அடியில கிடக்குதே, அதுதாங்க பீரோ."

"எது?"

"அந்தக் கம்பளித் துணி. முதமுதல்ல அதுக்குத்தான் அந்தப் பேரு. பிரெஞ்சுக்காரங்க பாஷையாம், எங்க அண்ணன் பொண்ணு படிச்சிட்டு வந்து சொல்லுது. துணியிலேருந்து மேசை வந்துச்சு. மேசையிலேருந்து நீங்களும் வந்தீங்க, நாங்களும் வந்தோம். நீங்க ஆபீஸ் வழி. நாங்க இழுப்பறை வழி. பங்காளிங்க மேடம். ஒரு பங்காளி இன்னொரு பங்காளியைக் குடும்பப் பேரை வைக்காதேன்னு சொல்லலாமா?"

எழுத்தர் காதிலிருந்த பேனாவைக் கையில் எடுத்துவிட்டு, எதை எழுதுவது என்று தெரியாமல் மறுபடி காதிலேயே வைத்தார். துணை இயக்குநர் கண்ணாடியைத் தூக்கித் துணியை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா அகராதி என்னைக் கட்டுப்படுத்தாது, விதிதான் கட்டுப்படுத்தும். இறுதி உத்தரவு முப்பது நாள்ல வரும். அதுவரைக்கும் பலகையில அந்த வார்த்தை வெளில தெரியக் கூடாது. தடிமனான துணி போட்டு மூடிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல எவனாவது தன் கழுத்துக்குத் தானே சாவி செஞ்சு குடுப்பானா?"

"அறுக்கறேன்னாங்கடி."

"அறுக்கட்டுமே! இரும்புதானே?"

இரண்டு நாள் சித்தி அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் கொடுத்து, "பங்காளிக்குக் கொண்டுபோய்க் குடு" என்றாள்.

மூடுவதற்குத் தடித்த துணி என்றால் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பீரோவை வண்டியில் ஏற்றும்போது பெயின்ட் உரசாமல் சுற்றுகிற கம்பளி. காய்ந்த சேற்றின் நிறம், தொட்டால் கை குத்தும். ஓவியர் ஏணி போட்டு ஏறி, ஆங்கில வரியின் பின்பாதியையும் தமிழ் வரியின் பின்பாதியையும் சேர்த்து நாலு ஆணியில் மூடினார். 'சென்ட்ரல்' மட்டும் வெளியே தெரிந்தது. இறங்கி வந்து, "எழுதினப்ப அழகா இருந்துச்சு. இப்ப பலகைக்குக் குளிர் வந்த மாதிரி இருக்கு" என்றார்.

முப்பது நாள் ஆனது, நாற்பது ஆனது. உத்தரவு வரவில்லை. நாற்பத்து நாலாம் நாள் எழுத்தர் வந்தார். நேராக உள்ளே வராமல் கம்பளியை அண்ணாந்து பார்த்தார்.

"சார், ஒரு உதவி. பீரோ மறுபடியும் திறக்கல. கூட்டற அம்மா அந்தக் காகிதத்தை எடுத்துப் போட்டுட்டாங்க போல."

"உத்தரவு என்னாச்சு?" என்றேன்.

எழுத்தர் தரையைப் பார்த்தார். "கையெழுத்தாயிடுச்சு. உள்ளதான் இருக்கு."

பட்டறை முழுவதும் உப்புத்தாள் சத்தம் நின்றது. சித்தி அன்று அங்கேதான் இருந்தாள். அவள் சித்தப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வாழ்க்கையின் அறிவுரை இருந்தது. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மனு எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறோம்."

எழுத்தர் வெல்டரிடம் காகிதம் வாங்கி, லாக்கர்மேல் வைத்து எழுதினார். பழக்கம் இல்லை. மனு எப்படித் தொடங்கும் என்று என்னிடம் கேட்டார். சித்தப்பா அதை வாங்கி, படிக்காமல், நடுத்தட்டில் மற்றவற்றோடு வைத்துப் பூட்டினார். சித்தி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல நாள் ஆகிவிட்டது.

எழுத்தர் பெஞ்சு தேடினார். பெஞ்சு இல்லை. வாசலில் நின்றார்.

சித்தப்பா ஒரு கதவைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்த இடத்தையே தேய்த்தார். "எந்தப் பக்கம் மல்லுக்கட்டினீங்க? கடிகார வாட்டத்திலயா, எதிர்ப்பக்கமா?" என்று ஒரு தரம் கேட்டார். கொஞ்ச நேரம் போனதும், "ரெண்டு கையாலயா?" என்றார். எழுத்தர் "ஆமாம்" என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். எந்தப் பீரோவிலும் ஒரு மனு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருக்காது. எழுந்து, காட்சிப் பீரோவைத் திறந்து, எழுத்தரின் மனுவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வாங்க போகலாம். காலுக்கு அடியில வைக்க இது போதும்."

உத்தரவு அன்று மாலையே கையில் வந்தது. உரிமம் ரத்தில்லை. அந்தச் சொல்லை அழிக்க வேண்டும், 'அல்லது தற்போது மூடியுள்ளபடியே நிரந்தரமாக மூடி வைக்க வேண்டும்.' இடைக்கால உத்தரவைப் பார்த்து எழுத்தர் எழுதியதில் அந்த 'அல்லது' எப்படி வந்ததோ, அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓவியர் அழிப்பதற்கு வண்ணம் கலக்கட்டுமா என்று கேட்டார். சித்தப்பா இன்னும் எட்டு ஆணி வாங்கிவரச் சொன்னார்.

வண்டியில் சுற்றுவதற்கு இப்போது வேறு கம்பளி வாங்கியிருக்கிறார்கள். நான் மறுபடி கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டறையில் இருந்தேன். கையில் உறையோடு ஒருவர் வாசலில் நின்று பலகையைப் படித்தார்.

"ஐயா, சென்ட்ரல்னு போட்டிருக்கு. பீரோ எங்க?"

சித்தப்பா உப்புத்தாளோடு வெளியே வந்து மேலே கையைக் காட்டினார்.

"அதோ."

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "அது கம்பளியாச்சே?"

"அதுதாங்க" என்றார் சித்தப்பா. "உள்ள வாங்க. என்ன வைக்கணும்?"